அலுகோசு வேலைக்கு ஒரு நற்சான்று

ஒக்ரோபர் 7, செவ்வாய்

விடியவே புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று மூன்று நாளாக ஏய்க்கிறது. கந்தோர் நாள்.

அலுவலக நாட்குறிப்பில் எழுதியது: பொதுமக்கள் தினம். வதிவிடச் சான்று 6. முதியோர் கொடுப்பனவு விசாரணை 1. மாதம் முடியப் பிரதேச செயலகத்துக்குப் போகிற கொப்பி அது. ஒரு கிராம அலுவலர் அதில் இதற்குமேல் எழுதினால் விளக்கம் கேட்பார்கள். மிச்சத்துக்குத்தான் இந்தக் கொப்பி.

மிச்சம்: தவசீலன் நற்சான்று கேட்டு வந்தான். (இனி த.) மேசன். முப்பத்துநாலு வயது. சுகந்தினியின் அண்ணன். முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளையைச் சங்கிலிக்காகக் கொன்று பாழ்கிணற்றில் போட்டது ஆறு வருடத்துக்கு முன். போட்டவன் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த நிரோசன். போன வருடம் தூக்கு என்று தீர்ப்பானது. கிணற்றடிக்கு முதல் போன அலுவலர் நான். மூன்றாம் சாட்சியும் நான்.

"என்ன வேலைக்குத் தம்பி?" படிவத்தைப் பார்க்காமலே கேட்டேன்.

"அலுகோசு வேலைக்கு அக்கா."

பேப்பரில் வெட்டி எடுத்த விளம்பரத் துண்டை மேசையில் வைத்தான். எனக்கு நினைவு தெரிய இந்த நாட்டில் தூக்கு எழுத்தில் மட்டும்தான். இப்போது உண்மையாகவே போடப்போகிறார்களாம். தூக்கில் போடுகிற அலுகோசுதான் இல்லையாம். முடிவுத் திகதி 17.

"ஆரோ ஒருத்தர் போடத்தானே வேணும். அவனுக்கு நான் போடுறன்."

சீல் மை காய்ந்துவிட்டது, பிறகு வா என்றேன். மை காயவில்லை.

ஒக்ரோபர் 9, வியாழன்

வாங்க வேண்டியவை: அரிசி மா, மண்ணெண்ணெய், இவருக்குச் சிவப்புப் பேனை இரண்டு.

கதை ஊருக்குள் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. த.தான் தேத்தண்ணிக் கடையில் சொன்னானாம். இன்று கந்தோர்ப் பக்கம் அவன் வரவில்லை, கொட்டடியில் மதில் வேலை. சங்கக்கடையில் மாவுக்கு நின்றபோது காதில் விழுந்தவை, விழுந்தபடியே:

"ஒண்டைத் தூக்கிக் காட்டினால்தான் மற்றதுகள் அடங்கும்." (கோயில் மனேச்சர்)

"உதுகளை இருத்திவைச்சு எங்கடை வரியிலை சோறு போடினம்."

"பிழையான ஆளெண்டால் பிறகு எழுப்பித் தருவினமோ?" (இளைப்பாறின நேர்ஸ் அக்கா)

"இயக்கம் இருந்த காலத்திலை லைற் போஸ்ரிலை கட்டிவைச்சுச் சுட்டவங்கள். களவு இருந்ததோ அப்ப?"

"தூக்கு காணாது. எங்கடை கையிலை தரவேணும் அவனை."

வேண்டும் என்றவர்கள் நாலு பேர். வேண்டாம் என்றவர் ஒருவர். வாய் திறக்காதது நான் மட்டும். கேட்டிருந்தால் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். கிணற்றடியில் அந்தப் பிள்ளையைப் பார்த்தவள் நான்.

பிறகு யாரோ த.வின் கதையை எடுத்தார்கள். மனேச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அந்த வேலைக்குப் போனால் உவன் இனித் தேர் வடத்திலை கை வைக்கேலாது. உயிரெடுக்கிற கை." சங்கக்கடைப் பெடிச்சி: "அச்சுவேலியிலை ஒரு சம்பந்தம் பேசினவை. இனி ஆர் பொம்பிளை குடுக்கிறது?"

வருடா வருடம் வடத்தின் முன்வரிசையில் தோள் கொடுக்கிறவன் த. தூக்குக் கட்டாயம் வேண்டுமாம், தூக்குப் போடுகிறவன் மட்டும் இந்த ஊரான் ஆகக் கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்ணெண்ணெயை மறந்துவிட்டு வந்தேன்.

ஒக்ரோபர் 11, சனி

இவருக்குச் சொன்னேன். கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நீர் எழுதிக் குடுக்கப்போறீரோ?"

"குடுக்காமல் விட என்ன காரணம் இருக்கு? அவன்ரை பேரிலை ஒரு முறைப்பாடு இல்லை."

"நிரோசன்ரை முறை வர எத்தினை வருசமோ. அதுக்கு முதல் முன்பின் தெரியாத எத்தினை பேரைத் தூக்கவேணும் அவன். அவையளோடை உவனுக்கு என்ன கோபம்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

இவர் தூக்கு வேண்டாம் என்கிற ஆள். வாதாட வரமாட்டார். இவருடைய மூத்த அண்ணையைத்தான் சந்தி லைற் போஸ்ரில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் குற்றம் எழுதின மட்டை தொங்கியதாம். ஆள் மாறிப்போச்சு என்று பத்து நாள் கழித்து வந்து சொன்னார்களாம். சங்கக்கடையில் கேட்டதை இவருக்குச் சொல்லாமல் விட்டேன்.

நான் ஆளை மாறிச் சொல்லவில்லை. அது நிச்சயம். சம்பவத்துக்கு மறுநாள் காலை நிரோசன் என் மேசைக்கு வதிவிடச் சான்றுக்கு வந்தான். பாஸ்போட் எடுக்கவாம், அவசரமாம். இடது மணிக்கட்டில் நகக்கீறல் மூன்று. சத்தியம் செய்துவிட்டு அதைத்தான் சொன்னேன். கண்டதைச் சொன்னேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

மத்தியானம் நாகேஸ்வரி அக்கா. த.வின் தாய். பையில் முருங்கைக்காய், கத்தரிக்காய். வேண்டாம் என்றாலும் வைத்துவிட்டார். கதிரையில் இருக்கவில்லை, குசினி வாசலில் நிலத்தில் இருந்தார்.

"பிள்ளை, அவன் சாகவேணும். அதிலை எனக்கு மாற்றம் இல்லை. தீர்ப்பண்டு கோட்டு வாசலிலை கைதட்டினவள் நான்."

"தெரியும் அக்கா."

"என்ரை பிள்ளையின்ரை கையாலை வேண்டாம்."

இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"ஒண்டை அவன் கொண்டுபோட்டான். இருக்கிறதை உவங்கள் கொலைகாரனாக்கி அனுப்பினால் நான் ஆருக்குச் சோறு போடுறது? இவன் கோழியுரிக்கவே பாக்கேலாமல் அங்காலை போறவன். பதினேழாந் திகதி முடியுமட்டும் நாளைக்கு நாளைக்கு எண்டு இழுத்துவிடு பிள்ளை. உன்னட்டை வேறையொண்டும் கேக்கேல்லை."

பார்ப்போம் என்றேன். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டேன்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

கந்தோர் நாள். காலை எட்டரைக்கே த. சீல் செயலகத்தில் இருக்கிறது, வியாழன் வா என்றேன். சீல் மேசையில், அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சரி அக்கா" என்று போனான். வெட்கமாக இருக்கிறது.

அலுவலக நாட்குறிப்பு: வதிவிடச் சான்று 4. டெங்குப் பரிசோதனை, 11 வீடு.

ஒக்ரோபர் 16, வியாழன்

முதல் மழை. மண் மணத்தது. இன்று பதிவுத்தபாலில் போட்டால்தான் நாளைக்குப் போகும். த. வருவான் என்று தெரியும். ஒழுங்கையில் ஒவ்வொரு சயிக்கிள் சத்தத்துக்கும் யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

அவனுக்கு முதல் பூரணம் வந்தார். நிரோசனின் தாய். மாதம் ஒருமுறை சிறைக்குப் போகிறார். போவதற்கு என் கடிதம் வேண்டும்: இன்னார் இன்னாரின் தாய், இந்தப் பிரிவில் வசிக்கிறார். அதற்கு முதல் படிவம் நிரப்ப வேண்டும். ஒரு கண்ணில் வெண்படலம், எழுத வராது. இங்கே வழக்கம், வாங்குப் பலகையில் காத்திருக்கிறவர்களில் யாரிடம் பேனை இருக்கிறதோ அவர் மற்றவருக்கும் நிரப்பிக் கொடுப்பது.

வாங்கில் வந்து இருந்தது த. சட்டைப் பையில் பேனை.

ஆறு வருடமாக இந்த இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை. கடைக்கும் வேறு வேறு நேரம். மழை யன்னலால் அடித்ததில் பூரணம் மெல்ல மெல்ல வாங்கின் நடுவுக்கு நகர்ந்து வந்தார். நான் எழும்பிப் போய் நிரப்பியிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

பூரணம் படிவத்தை நீட்டினார். யாரென்று தெரிந்துதான் நீட்டினார். "தம்பி" என்றார், அவ்வளவுதான்.

வாங்கினான். முழங்காலில் வைத்து எழுதினான். கைதியின் பெயர். கேட்காமலே எழுதினான். உறவுமுறை: தாய். குற்றம். தண்டனை. ஒவ்வொரு கட்டமாக எழுதினான், கட்டட வேலைக்காரனின் பெரிய எழுத்தில். முடித்துவிட்டுக் குனிந்தபடியே கேட்டான்:

"இப்ப எப்பிடி இருக்கிறான்?"

"மெலிஞ்சுபோனான் தம்பி. சட்டை தோளிலை நிக்குதில்லை."

அவன் கேட்டது இரக்கத்திலா, வேறு எதற்கா, என்னால் சொல்ல முடியாது. பூரணத்தின் கடிதத்துக்குச் சீல் குத்தினேன். அவர் போனதும் தன்னுடையதை வைத்தான்.

"முதல்லை வேறை ஆக்களைத் தூக்கவேண்டி வரும்," என்றேன். "உனக்கு ஒண்டும் செய்யாத ஆக்களை."

"மேசன் வேலையும் முதல்லை ஆரின்ரையோ மதிலிலைதான் பழகினனான்."

"அம்மா வந்தவா."

"தெரியும். வீட்டிலை முருங்கைக்காயைக் காணேல்லை." சிரிக்கவில்லை. "அக்கா, உங்கடை சாட்சியிலைதானே அவனுக்குத் தூக்கு விழுந்தது. அண்டைக்கு உங்களை ஆரும் வடத்திலை கை வைக்காதையுங்கோ எண்டு சொன்னவையோ?"

சொல்லவில்லை. மனேச்சர் அந்த வருடம் கோயிலில் முதல் மரியாதையாக எனக்குக் காளாஞ்சி தந்தார்.

நற்சான்றில் கேள்வி: விண்ணப்பதாரியை எத்தனை வருடமாகத் தெரியும்? 16. அவரது நடத்தை பற்றிய உமது அபிப்பிராயம்? வழக்கமாக "நன்று" என்று ஒரு சொல். இன்று எழுதினேன்: "ஓர் உயிருக்கும் தீங்கு நினையாதவர். உழைப்பாளி. தாயைப் பராமரிப்பவர்."

வாசித்தான். "இப்பிடி எழுதினால் இந்த வேலை தருவினமோ?"

"உண்மையைத்தான் எழுதலாம் தம்பி."

"அப்ப குத்துங்கோ."

குத்தினேன். அதே சீல். மழைக்குள்ளேயே தபால் கந்தோருக்குப் போனான், படிவத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

அலுவலக நாட்குறிப்பு: சிறைக் கடிதம் 1. நற்சான்று 1.

நாகேஸ்வரி அக்காவின் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு மாதமாக இதில் எழுதவில்லை. வெள்ளக் கணக்கெடுப்பு, உலர்உணவு, ஓயாத அலைச்சல். இருமல் விடவில்லை.

இன்று நாகேஸ்வரி அக்கா வந்தார். ஒக்ரோபருக்குப் பிறகு இப்போதுதான். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு நீளக் கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். மேலே அரசாங்கச் சின்னம். ஓரம் பிரித்திருந்தது. நேர்ஸ் அக்காவிடம் வாசிப்பித்தாராம். நேர்முகப் பரீட்சை, கொழும்பு, 21, காலை ஒன்பது. வராதவர் விண்ணப்பம் இரத்து.

"தபால்காரன் என்ரை கையிலை தந்தவன். அவனுக்குத் தெரியாது. நெருப்பிலை போடுவம் எண்டு அடுப்படிக்குப் போனன் பிள்ளை. அரசாங்கக் கடிதம், கை வரேல்லை. நீ வைச்சிரு."

"இது அவன்ரை கடிதம் அக்கா. நான் வைச்சிருக்கேலாது."

"நீ எழுதினபடியால்தானே வந்தது?"

எழும்பிப் போய்விட்டார். குடையைக்கூட எடுக்கவில்லை. கடிதத்தை மேசை இலாச்சிக்குள் போட்டேன், இன்றைக்கு மட்டும் என்று.

நவம்பர் 19, புதன்

செயலகத்தில் கூட்டம். ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. வரும்போது கொட்டடி வழியாக வந்தேன். த. மதில் கட்டிக்கொண்டிருந்தான். குண்டு நூல் பிடித்து, ஒரு கண்ணை மூடி. என்னைக் கண்டு தலையாட்டினான். கைப்பையில் கடிதம் இல்லை, கந்தோரில். அதனால்தான் கொடுக்கவில்லை என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இவரிடம் கேட்டேன். "உம்மடை உத்தியோகம். நான் சொல்ல ஏலாது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து: "அண்ணையைக் கட்டின கயிறு எங்கடை மாட்டுக் கயிறுதான். வீட்டை வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனவங்கள். குடுத்தது நான்." முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை இன்றுதான் சொன்னார். பிறகு தாள் திருத்தப் போனார்.

நவம்பர் 20, வியாழன்

மழை. கந்தோரில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்தேன். கொழும்பு பஸ் பின்னேரம் ஆறரைக்கு.

இரண்டு மணிபோல் த. வந்தான். முழுக்க நனைந்திருந்தான். உள்ளே வரவில்லை, ஈரமாகும் என்று வாசலிலேயே நின்றான்.

"அக்கா, தபால் கந்தோரிலை விசாரிச்சனான். எனக்கொரு கடிதம் வந்து, வீட்டை குடுத்தாச்சாம். அம்மா இல்லையெண்டிறா. இஞ்சை ஆரேன் கொண்டுவந்து தந்தவையோ?"

இலாச்சி என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை தம்பி."

வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப வரேல்லைத்தான். அம்மா பொய் சொல்லுவா. நீங்கள் சொல்லமாட்டியள். கோட்டிலை பாத்தனான்தானே."

சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனான். வாளி நிரம்பிவிட்டது. கொண்டுபோய் வேலியோரம் ஊற்றிவிட்டு வந்தேன்.

அலுவலக நாட்குறிப்பு: பொதுமக்கள் தினம். மழை காரணமாக ஒருவரும் வரவில்லை.