ஒரு வருட பெர்மிட்

ஜார்ஜ்டவுன்,
5 ஆகஸ்ட் 2024

மரியே வாழ்க

அன்புள்ள ஜூலி,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீ மகள் ஷெரில் வீட்டோடு பெர்த்தில் தங்கி இரண்டு வருடமாகிறது. இங்கே வீடு வீடாகவே இல்லை, சொல்லிவிட்டேன்.

ஒரு சேதி. வெளிநாட்டில் கார் ஓட்டும் பெர்மிட் எடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "அங்கிள், அங்கயும் ரோடு நம்ம சைடுதான், பயப்படாதீங்க லா" என்றாள். பயமா, எனக்கா? முப்பது வருடம் உன்னை ஏற்றிக்கொண்டு போனவன் நான்! அன்னம்மாள் திருவிழாவுக்குத் தீவைத் தாண்டி அக்கரையில் பூக்கிட் மெர்தாஜாம் தேவாலயத்துக்குப் போவோமே, ஃபெர்ரியில் காரை ஏற்றியதும் கண்ணாடியை இறக்கிக் கடல்காற்று வாங்குவாய். இப்போது ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. போன வாரம் திருவிழாவுக்குக் கடல் பாலத்தில் தனியாகப் போனேன். உன் இருக்கையில் மெழுகுவர்த்திப் பைதான் இருந்தது.

பெர்மிட் ஒரு வருடம்தான் செல்லும். வா என்று ஒரு வார்த்தை சொல். எங்கெல்லாம் கூட்டிப்போகிறேன் பார்.

உன்
பெஞ்சமின்


பெர்த்,
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள உங்களுக்கு,

படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அந்தக் கடல்காற்றை நானும் மறக்கவில்லை.

பத்து காவான் என்ற அந்த ஊர் நினைவிருக்கிறதா? அப்போது அது செம்பனைத் தோட்டம், ஆளில்லாத ரோடு. பத்து நிமிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தீர்கள். அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தீர்கள். பதறிப்போய்க் காரைக் கால்வாயில் இறக்கினேன். "உனக்கெல்லாம் எதுக்குடி கார்?" என்றீர்கள். அதன்பிறகு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகக்கூட உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டியதாயிற்று. நான் இங்கேயே தங்கிவிட்டது அதனால்தான். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று சொன்னது வெறும் சாக்கு.

ஐம்பத்தெட்டு வயதில் இங்கே லைசென்ஸ் எடுத்தேன், மூன்றாவது தடவையில். நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். இப்போது என் பெயரில் ஒரு சின்னக் கார் இருக்கிறது.

வாருங்கள். ஏர்போர்ட்டுக்கு நானே காரில் வருகிறேன். ஆனால் பெர்மிட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். முடியாதென்றால் வரவேண்டாம்.

ஜூலியானா


ஜார்ஜ்டவுன்,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜூலி,

ஒரு வாரம் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு பத்து காவானுக்குப் போய்ப் பார்த்தேன். தோட்டமும் இல்லை, கால்வாயும் இல்லை, எங்கே பார்த்தாலும் ஃபாக்டரி. அன்று நீ ரோட்டோரம் நின்று அழுதாய். நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு.

பெர்மிட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அக்டோபர் பன்னிரண்டு, மாலை ஐந்து மணிக்கு வந்து இறங்குகிறேன். முன்னால் உட்காரலாமா? பின்னால் என்றாலும் சரிதான்.

ஒன்று மட்டும். என் கால் தானாகத் தரையை மிதிக்கும். அதைப் பார்க்காதே, நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு.

பெஞ்சமின்