நீ விழித்திருந்த பிற்பகல்

அக்கா,

இன்று காலை சால்ட் லேக்கில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கையில் ஸ்பிரிட் தடவினார்கள். ஊசி குத்துவதற்கு முன்பே எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பயமா, மாஷிமா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டாள் ரத்தம் எடுக்க வந்த பெண். உன் ஞாபகம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவியபோது, காளிகாட் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் உன்னைச் சேர்த்தோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். தசைகள் தளர ஒரு மருந்து, கிருமியைக் கொல்ல ஒரு ஆன்டிபயாடிக். இரண்டாவது சேர்ந்ததில் முதலாவது வடியவே இல்லை. உனக்கு மயக்கம் தெளிந்துவிட்டது, உடம்புதான் திரும்பி வரவில்லை. அது தெரியாமல் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். இமையைக்கூடத் தூக்க முடியாமல் பாதி மூச்சோடு கிடந்தாய்.

"நடிக்கிறாங்க" என்றாளாம் நர்ஸ். விழிக்கிறாயா என்று பார்க்க உன் மார்பைக் கிள்ளித் திருகினாள். மயக்க மருந்து டாக்டர் போனில் ஃபிஷ் ஃப்ரைக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார். உன் உதடு நீலமான பிறகுதான் ஓடிவந்து, குழாயை மறுபடி தொண்டைக்குள் இறக்கினார். அதையும் விழித்தபடியே வாங்கிக்கொண்டாய். மருந்து வடியும்வரை மெஷின்தான் உனக்காக மூச்சுவிட்டது.

மறுநாள் அவர் வந்து, "அதெல்லாம் மயக்கத்துல வர்ற கனவு" என்றார்.

"ஃபிஷ் ஃப்ரை, கடுகு சாஸ் நிறைய. அதுவும் கனவா, டாக்டர்?" என்று கேட்டாய்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சில வருஷம் கழித்துப் பித்தப்பையில் புற்றுநோய்க் கட்டி. ஆரம்பம்தான், எடுத்துவிடலாம் என்றார்கள். நீ மாட்டேன் என்றாய். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நடந்ததைச் சொன்னால் அந்த ஆன்டிபயாடிக்கே தரமாட்டார்கள் என்று கெஞ்சினேன்.

"மூச்சு முட்டினது உனக்கில்லடி. வலியில கத்திக்கிட்டே சாகறேன், பரவாயில்ல."

லேக் கார்டன்ஸ் வீட்டில் அப்படித்தான் கத்தினாய். எதிர்வீட்டு வங்காளி பௌதி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் கத்தவும் தெம்பில்லை. அசையாமல் கிடந்தாய். சென்னையிலிருந்து வந்த நம் தம்பி கட்டிலருகிலேயே நின்று, "இன்னும் எவ்வளவு நாள் இழுக்கும்? ரிட்டர்ன் டிக்கெட்டை மாத்தணும்" என்றான்.

"வெளியே போய்ப் பேசுடா."

"அவளுக்கு என்ன கேக்கப்போகுது?"

உன் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. துடைத்துவிட்டேன். வலியில் வந்ததாக இருக்கலாம், தானாகவே வழிந்திருக்கலாம். எத்தனையோ தடவை எனக்கு நானே அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அக்கா. நம்ப முடியவில்லை.