பட்டியலில் ஏறாத ஆட்டம்

நான் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையின் மேற்பையில் ஒரு நீலக் கறை இருக்கிறது. புதன்கிழமை உம்முடைய ஆண்டுத் திருப்பலிக்குப் போவதற்காக அலுமாரியிலிருந்து இதை எடுத்தபோதுதான் கண்டேன். பைக்குள் விரலை விட்டால், பாதி கரைந்து மறுபடி காய்ந்து இறுகிய ஒரு கட்டி. உம்முடைய செத்தவீட்டுக்குப் போட்டுவந்த அதே சட்டை. துவைத்து மடித்து வைத்தவன் நான்தான். தனியே இருக்கும் ஆண்கள் துவைக்கும்போது பைகளைப் பார்ப்பதில்லை என்று என் மகள் தொலைபேசியில் சொல்லுவாள். அவள் சொல்லும் குற்றங்களில் ஒன்று நிரூபணமாகிவிட்டது.

அது உம்முடைய கட்டி. பந்தடிக்கும் தடி வழுக்காமலிருக்க நுனியில் நீர் தேய்க்கும் நீலச் சுண்ணக் கட்டி. அன்று பெட்டி மூடுவதற்கு முன் உம்முடைய கைக்குள் வைத்துவிடலாம் என்றுதான் கொண்டுவந்தேன். கையில் செபமாலை இருந்தது. செபமாலைக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமானை வைக்கக் குருவானவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, பெட்டியை மூடிவிட்டார்கள். முப்பது வருடம் தபால் கந்தோரில் மாஸ்டராக இருந்தவனுக்கு அனுமதியில்லாமல் ஒன்றையும் ஓர் இடத்தில் வைக்க வராது.

மேசை வந்த நாள் உமக்கு நினைவிருக்கும். சனசமூக நிலையத்துக்கு இரண்டு புத்தக அலுமாரி வேண்டும் என்று கனடாவில் இருக்கும் ஊரவருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக அது வந்தது. ஆறு குழி, பதினைந்து நிறப்பந்து, ஒரு வெள்ளைப் பந்து, நாலு தடி. அதன் சரியான ஆங்கிலப் பெயர் நீச்சல் குளத்துக்கும் உரியது. நம் வாயில் அது வேறு மாதிரி விழும் என்பதால் கூட்டக் குறிப்பில் ‘பில்லியட்’ என்று எழுதினேன். ஊர்காவற்றுறை முழுவதும் அப்படியே பிடித்துக்கொண்டது.

லொறியிலிருந்து இறக்கிய மேசை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வள்ளத்து எஞ்சின் திருத்தும் உமக்கு அது பொறுக்கவில்லை. கழற்றிப்போட்ட எஞ்சின் தகடுகளைக் கால்களுக்குக் கீழே செருகி, நடுவில் ஒரு பந்தை வைத்து, அது எந்தப் பக்கமும் உருளாமல் நிற்கும்வரை இரண்டு நாள் நிலத்தில் கிடந்தீர். கடைசியில் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு, “ஐசே, இந்தத் தீவிலை மட்டமாய் இருக்கிற ஒரே சாமான் இதுதான்” என்றீர்.

முதல் வருடம் சனம் நிறைந்தது. விடிய வள்ளங்கள் வந்து, நண்டு நிறுத்துக் கொடுத்து முடிந்ததும் பத்து மணிக்கெல்லாம் சுவரோரத்து நாலு வாங்குப் பலகையும் நிரம்பிவிடும். சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் யன்னலைத் திறந்தால் மேசைத் துணியில் மணல் விழும். பூட்டினால் ஆட்கள் வியர்த்து ஒழுகுவார்கள். வியர்த்துக்கொண்டே விளையாடினார்கள். சனம் கூடினால் ஒழுங்கு வேண்டும் என்று நினைத்தேன். ஒழுங்கு என்பது எழுத்தில் இருக்கவேண்டும் என்பது என் தொழிற்பழக்கம். பதினொரு விதிகள் எழுதி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன்.

அதில் ஆறாவது விதி, ஆட்டம் நடக்கும்போது மீன் விலை பேசக்கூடாது என்பது. ஒன்பதாவது, சாரம் கட்டியவர்கள் எட்டிப் படுத்து அடிக்கும் அடிகளைத் தவிர்க்கவேண்டும் என்பது. இவை இரண்டையும் நீர் வாசித்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தீர். சேதம் செய்தது முதலாவது விதிதான். வென்றவர் மேசையில் நிற்பார். தோற்றவர் தடியை வைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போவார். கேட்பதற்கு நீதியாக இருந்தது. நடைமுறையில், அங்கே வெல்லத் தெரிந்தவர்கள் நீரும் நானுமாக இருந்தபடியால், நாம் இருவரும் காலை முழுவதும் நின்றோம். மற்றவர்களுக்குப் பத்து நிமிட ஆட்டமும் இரண்டு மணித்தியால வாங்கும் கிடைத்தன. விதிகளுக்குப் பக்கத்தில் வென்றோர் பட்டியல் ஒன்றும் மாட்டியிருந்தேன். அதில் இரண்டு பெயர்கள்தான் மாறிமாறி வந்தன. வாசிக்கச் சலிப்பான ஆவணம் என்று எனக்கு அப்போது படவில்லை.

உமக்குப் பட்டது. ஒருநாள் தடியைத் துடைத்துக்கொண்டு, “ஐசே, வலை போடுற இடத்துக்கே துறையிலை சீட்டுப் போடுறாங்கள். போனமுறை நல்ல இடம் கிடைச்சவன் இந்தமுறை கடைசி. கடலுக்கு இருக்கிற நியாயம் இந்த மேசைக்கு வேண்டாமோ?” என்று கேட்டீர்.

“கடலிலை அதிர்ஷ்டம். இங்கை திறமை” என்றேன்.

“கடலிலை திறமையில்லையெண்டதைத் தபால் கந்தோரிலை இருந்துகொண்டோ கண்டுபிடிச்சனீர்?”

அன்றைய கூட்டக் குறிப்பில் இதை நான் சேர்க்கவில்லை.

பிறகு அந்த மாரிகாலக் காலை. நீரும் அருளப்புவும். அருளப்பு நண்டு வாங்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறவர், ஐம்பது வயது, இரண்டு வருடமாக வந்து, இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர். அன்று அவருக்குப் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆனாலும் ஆட்டம் உம்முடைய கையில்தான் முடிய இருந்தது. உமக்கு மிஞ்சியது கறுப்புப் பந்து மட்டும். அது மூலைக் குழியின் வாயில் இருந்தது. வெள்ளைப் பந்து இரண்டு சாண் தள்ளி. கண்ணை மூடிக்கொண்டும் நீர் போடும் அடி. நாலு விரற்கடை தவறவிட்டீர். அருளப்பு தன் கடைசிப் பந்தையும் கறுப்பையும் போட்டார். வாங்குகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இருபது வருடம் பரிசுச்சீட்டு வாங்கியவனுக்கு விழுந்ததுபோல அருளப்பு சிரித்தார்.

நான் பட்டியலுக்குப் பக்கத்தில் நின்றேன். “இது விட்டுக்கொடுத்த ஆட்டம். பட்டியலிலை ஏறாது” என்றேன்.

அருளப்பு உம்மைப் பார்த்தார். “உண்மையோ அண்ணை?”

நீர் அந்த நீலக் கட்டியை எடுத்துத் தடியில் தேய்த்துக்கொண்டிருந்தீர், முடிந்த ஆட்டத்துக்கு. பிறகு என்னைப் பார்த்து, “அருளப்பு நல்லா அடிச்சவன்” என்றீர். அதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனோ தெரியாது. சொல்லாததை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். அருளப்புவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். அவரோடு வந்த நண்டுக்காரர் மூவரும் போனார்கள். மூன்று மாதத்தில் நீரும் போய்விட்டீர். நீர் போன விதம் வேறு.

மேசையில் சனம் குறைவது பற்றி நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் நீளமாகப் பேசினேன். கைத்தொலைபேசி, கிரிக்கெட், வெளிநாட்டு மோகம், பெற்றோரின் கவனக்குறைவு என்று நாலு காரணம் காட்டினேன். முதலில் விளையாட வராமல் நின்றவர்கள் நண்டுக்காரர் நால்வரும்தான் என்பதையும், அவர்களுடைய பெற்றோர் சேமக்காலைக் கல்லறைகளில் இருக்கிறார்கள் என்பதையும் ஒருவரும் எடுத்துச்சொல்லவில்லை. என் பேச்சு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

இப்போது கனடாவிலிருந்து நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரம் இரண்டு வருகிறது. துறைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்தே போகிற ஊருக்கு. வைக்க இடம் வேண்டும். மேசையைக் கழற்ற வேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. நிலையத்தின் புதிய காரியதரிசி ஜெனிற்றா, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை, மேசையில் விரோதம் இல்லாதவள். போன மாதம் என்னைக் கூப்பிட்டாள்.

“மாஸ்டர், விளையாட வாறம் எண்டு எட்டுப் பேர் கையெழுத்து வைச்சால் மேசை நிக்கும். இல்லாட்டி நான் என்ன செய்யிறது? உங்களைத் தவிர அதிலை ஒருத்தரும் விளையாடுறேல்லையே.”

“நான் வென்றுகொண்டிருக்கிறன்” என்றேன்.

“ஓம். ஆரை?”

வென்றவர் மேசையில் நிற்பார் என்ற விதி அதன் கடைசி எல்லைவரை போனால் எப்படி இருக்கும் என்பதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

நாலு கையெழுத்துக் கிடைத்தது. நான், ஜெனிற்றா, அவளுடைய புருஷன், மருந்துக்கடைக்காரர். மற்ற நாலும் அருளப்புவும் கூட்டாளிகளும். அவர் வந்தால் நாலும் வரும். வராவிட்டால் ஒன்றும் வராது. இரண்டுமுறை ஆள் அனுப்பினேன். “பிச்சை ஆட்டம் விளையாடுறவனெண்டு மாஸ்டரே சொன்னவர்தானே. வேறை ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ” என்று பதில் வந்தது. மேசை போவது போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் அதன் கால்களுக்குக் கீழே இருக்கும் தகடுகள் உம்முடையவை. அதை எடுத்தால் இந்த ஊரில் உம்முடைய வேலையாக நிற்பது ஒன்றும் இல்லை. நீர் திருத்திய எஞ்சின்களெல்லாம் மறுபடி பழுதாகிவிட்டன.

புதன்கிழமை பூசை முடிந்து உம்முடைய வீட்டுக்குப் போனோம். குசினி வாசலில் வைத்து உம்முடைய மனைவியிடம் அந்தக் கட்டியைக் கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தார்.

“இதை என்னத்துக்கு இன்னும் வைச்சிருக்கிறியள்? கடைசியிலை அவருக்குத் தடியே பிடிக்க ஏலாதே” என்றார்.

“ஏன் ஏலாது?”

“உங்களுக்குத் தெரியாதோ மாஸ்டர்? அந்த மாரி தொடங்கவே வலக்கை விறைப்பு. தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலை பிடிச்சுத்தான் குடிக்கிறவர். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். எஞ்சின் திருத்திறவன்ரை கை விறைச்சிட்டுதெண்டால் துறையிலை ஆர் எஞ்சினைக் கொண்டருவாங்கள்?”

குழியின் வாயில் நின்ற கறுப்புப் பந்து. நாலு விரற்கடை. நீர் விட்டுக்கொடுக்கவில்லை, தோற்றீர். ‘இல்லை’ என்று மறுத்திருந்தால், பிறகு ஏன் தவறியது என்று நான் கேட்டிருப்பேன். விடாமல் கேட்டிருப்பேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆகவே உண்மையில் பாதியை மட்டும் சொன்னீர். அருளப்பு நல்லா அடிச்சவன். நான் நம்பாமல் விட்டது நீர் சொன்ன அந்த ஒரு உண்மையைத்தான்.

கட்டியை உம்முடைய மனைவி திருப்பித் தந்துவிட்டார். “நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு இதாலை என்ன வேலை?”

அங்கிருந்து நேரே துறைக்குப் போனேன். ஆட்கள் முன்னால் சொன்னதை ஆட்கள் முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். இதற்கு விதி எழுதத் தேவையில்லை. அருளப்பு தராசுக்குப் பக்கத்தில் நின்றார். சுற்றிவரப் பத்துப் பேர்.

“அருளப்பு, அண்டைக்கு நீர் வென்றது சரியான வெற்றி. அவர் விட்டுத்தரேல்லை. அவருக்குக் கை விறைச்சிருந்தது, ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொன்னது பிழை.”

அருளப்பு ஒரு நண்டின் காலைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அப்ப ஏலாத மனிசனையோ மாஸ்டர் நான் வென்றனான்?”

வழியில் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. நண்டுகள் பெட்டிக்குள் சுரண்டிக்கொண்டிருந்தன. உம்முடைய சொல்தான் கையில் இருந்தது.

“நீர் நல்லா அடிச்சனீர் எண்டு அவர் சொன்னவர். சும்மா சொல்லுற ஆளில்லை. அந்தக் கறுப்பை அவர் தவறவிட்டது அவருடைய கை. அதுக்கு முதல் வரிசையாய் அஞ்சு பந்து விழுத்தினது ஆருடைய கை?”

அருளப்பு அடுத்த நண்டை எடுத்தார்.

“அஞ்சில்லை” என்றார். “ஆறு.”

பதினைந்து மாதம் அந்த மனிதர் அதை வைத்திருந்திருக்கிறார்.

“ஆறெண்டு பட்டியலிலை எழுதுவியளோ?”

“எழுதுவன்.”

“விலை கதைக்கலாமோ?”

“கதைக்கலாம்.”

“சாரத்தோடை?”

“எப்பிடியும் படுக்கலாம்.”

நிலையத்துக்கு வந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினேன். பதினொரு விதியும் எழுதிய தடித்த தாள் நல்ல தாள். அதை எட்டாக வெட்டி ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு பெயர் எழுதி, வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டோம். யார் யாரோடு என்பதைப் பேணி சொல்லும். வென்றவர் வாங்கில் இருக்க, தோற்றவர் மேசையில் நிற்பார். பழக வேண்டியவர் அவர்தானே. இதை ஜெனிற்றா சொன்னாள். நீர் சொன்னதிலிருந்து அதிக தூரம் இல்லை. பட்டியலில் அந்த மாரிகால நாளைத் தேடிப்பிடித்து, இரண்டு வரிகளுக்கு இடையில், ‘அருளப்பு, தொடர்ந்து ஆறு பந்து’ என்று எழுதினேன். தோற்றவர் இடத்தில் உம்முடைய பெயரை எழுதினேன். அது உமக்குச் சேரவேண்டிய தோல்வி.

இன்று சனிக்கிழமை. இதை நிலையத்து வாங்கில் இருந்துதான் எழுதுகிறேன். எட்டுக் கையெழுத்தும் ஜெனிற்றாவின் பைக்குள் இருக்கிறது. நாளைக் கூட்டத்தில் கனடாக்காரர் வேறு கதை சொன்னாலும் சொல்லலாம். நடக்கும் இயந்திரத்துக்கு வாசலில் கொட்டில் போடலாம் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு யோசனை வைத்திருக்கிறார். மேசையைச் சுற்றி நண்டு விலை உச்சத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நீலக் கட்டியை மேசை விளிம்பில் வைத்துவிட்டேன், யாரும் எடுத்துத் தேய்க்கலாம். கறை மட்டும் என் பையில் இருக்கிறது; எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கச் சொல்லி மகள் சொன்னாள், நான் தேய்க்கவில்லை.

உம்முடைய அந்தச் சொல்லையும் வைத்திருக்கிறேன். நல்லா அடிச்சனீர். யார் வென்றாலும் சொல்லிப் பழகுகிறேன்; வாய்க்கு இன்னும் இசையவில்லை. காலையிலிருந்து மூன்றுமுறை சொல்லிவிட்டேன். இரண்டு முறை பொய். மூன்றாவது, என்னை வென்ற அருளப்புவுக்குச் சொன்னது.