அண்ணனும் வாசல் கதவும்

3 மார்ச், திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அண்ணன் ஜெயிலிலிருந்து என் கிள்ளான் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே. வாங்கி வைத்த சட்டையெல்லாம் தொளதொள. பழைய அண்ணனை நினைத்து வாங்கியது.

உள்ளே கொடுத்த சான்றிதழ்கள்: ரொட்டி சுடுவது, வெல்டிங், மனவளம். ஆனால் பாத்ரூம் போகக்கூட என்னிடம் கேட்கிறார். தூக்கத்தில் "துவான், துவான்". வார்டர்களை மலாயில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமாம்.

4 மார்ச், செவ்வாய்
பிரிக்ஃபீல்ட்ஸ் பேக்கரி முதலாளியிடம் பேசினேன். "பழைய கதை எனக்கு வேணாம்லா அக்கா. மாவு பிசையத் தெரியும்ல? நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க." அழுகை வந்துவிட்டது.

அண்ணனுக்குக் கொம்யூட்டர் ரயில் பாடம். கார்டு தட்டுவது, இறங்கும் இடம். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார்.

5 மார்ச், புதன்
வெயில். நான் முதலில் கிளினிக் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் முதலாளி போன். "உங்க அண்ணன் வரவே இல்லையே."

வீட்டுக்கு ஓடினேன். கதவுக்கு உள்பக்கம் அண்ணன். தலை வாரி, சப்பாத்து போட்டு, நின்றபடி. கதவைப் பூட்டவே இல்லை, சும்மா சாத்தியிருந்தேன்.

"கைப்பிடியத் திருப்ப வேண்டியதுதானே? கை இல்லையா உங்களுக்கு?" கத்திவிட்டேன்.

"யாரும் தொறக்கலையேம்மா."

அத்தனை வருஷம் கதவைத் தொடவே விடவில்லை. ஒரு நாள் காலையில் போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். கடைசி மாதமாவது ஒரு கதவை அவர் கையால் திறக்க விட்டிருக்கக் கூடாதா? ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

6 மார்ச், வியாழன்
மறுபடி மழை. முதலாளியிடம் கெஞ்சி, சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. ஜெயில் நல அதிகாரிக்கும் போன் பண்ணிக் கதவு விஷயத்தைச் சொன்னேன். "நல்ல பாயிண்ட் மேடம், மேல சொல்றேன்." சொல்வாரோ என்னவோ.

சாயங்காலம் கதவுப் பயிற்சி. நான் வெளியே, அவர் உள்ளே. "தொறங்கண்ணே." திறப்பார். "சாத்துங்க." சாத்துவார். பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார். "பூட்டு கெட்டுப்போச்சா?" ஆமாம் என்றேன்.

8 மார்ச், சனி
தூறல். குடை எடுத்து வைத்தேன். அண்ணன் கதவுக்கு முன்னால் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பொறுக்க முடியவில்லை. "நேரமாச்சு, தொறங்க," என்றேன், கொஞ்சம் அதட்டலாக.

சட்டென்று திறந்தார். விறைப்பாக நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "சரிங்க துவான்" என்றார்.

குடையை எடுக்காமலே போய்விட்டார்.