காதைப் பொத்திய கைகள்

அண்ணா,

"மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்கு வா" என்று போனில் சொன்னாயே, கேட்க மாட்டேன்.

உன் மகளின் பிறந்தநாளில் பலூன்களை ஒவ்வொன்றாக உடைத்துச் சிரித்தது நீங்கள் எல்லோரும்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். "போட்டோ அசிங்கமா வரும், கைய எடுடி" என்று நீ அவள் கையைப் பிடித்து இழுத்தாய். நான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அதுதானே என் குற்றம்? "அத்தையும் மருமகளும் சரியான தொட்டாச்சிணுங்கிங்க" என்று நீ சொன்னதும் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தது மாடிவரை கேட்டது.

காதைப் பொத்திய என் கையையும் சின்ன வயதில் நம் வீட்டில் இப்படித்தான் இழுத்தார்கள். யார் என்று உனக்கே தெரியும்.

நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறேன். மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு வெள்ளைகள் எனக்கு வேறு வேறு. அதனால்தான் முதலாளி என்னை விடமாட்டேன் என்கிறார். தரையில் உராயும் சத்தம் கேட்காமல் இருக்க நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கிறேன். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

மாடியில் அவள் கேட்டாள்: "வளந்தா எனக்கு இது சரியாயிடுமா அத்தை?"

ஏழு வயதுக் குழந்தை கேட்கிற கேள்வியா இது? யார் கேட்க வைத்தது?

லீவுக்கு அவளை இங்கே அனுப்பு. இரண்டாவது நாற்காலிக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
சரியாகாத உன் தங்கை