எட்டாவது தகடு

என் அன்பானவருக்கு,

நானும் மகளும் சுகம். கப்பலில் உங்கள் முதுகுவலி தேவலையா? மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்குப் போகிறாள். ஒழுகின குளியலறைக் குழாயை நானே மாற்றிவிட்டேன்.

இனி என் கதை. செயற்கைக்கோளிலிருந்து பன்னிரண்டு மீட்டர் நீளும் கை ஒன்று செய்கிறோம் என்றேனே, நுனியில் கேமரா இருக்கும். ஒல்லிக்குச்சி. செயற்கைக்கோள் லேசாகத் திரும்பினாலே ஆடும். மேலே காற்று இல்லாததால் ஆட்டம் சீக்கிரம் அடங்காது, படமெல்லாம் கலங்கிப்போகும். அதற்காகக் கையின் அடிப்பகுதியில், மின்சாரம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் எட்டு மெல்லிய தகடுகள் ஒட்டினேன். எட்டாவது தகடு ஆட்டத்தை உணர்ந்து சொல்லும். மற்ற ஏழும் எதிர்ப்பக்கம் இழுத்து அடக்கும். ஒட்டி முடிக்க ஆறு வாரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை சோதனை. கூரையிலிருந்து கயிறுகளில் தொங்கிய கையை ஆட்டிவிட்டு, தகடுகளை இயக்கினார்கள். ஆட்டம் அடங்கவில்லை, கூடிக்கொண்டே போனது! நுனி சுவரில் இடிப்பதற்குள் பதறிப்போய் நிறுத்தினார்கள். எல்லோர் கண்ணும் என் மேல்தான். "பசை விட்டிருக்கும்மா. எல்லாத்தையும் உரிச்சுட்டு மறுபடி ஒட்டணும்" என்றார் பெரிய பொறியாளர். உரித்தால் ஏவும் தேதி போச்சு. துணிந்து கேட்டுவிட்டேன்: "பசை விட்டிருந்தா தகடு சும்மா கிடக்கும் சார். இது ஏழும் ஒண்ணா தள்ளுதே, ஆனா தப்பான பக்கம். அதுங்களுக்குச் சேதி சொல்ற தகட்டைப் பாத்துடலாமா?"

அவர் தலையசைத்தார். கையை ஒரு விரலால் வலப்பக்கம் மெல்லத் தள்ளினேன். திரையில் கோடு இடப்பக்கம் என்றது! எட்டாவது தகட்டின் இரண்டு கம்பிகள் வரைபடத்திலேயே இடம் மாறியிருந்தன. "படம் நான் போட்டது. தப்பு என்னோடதுதான்" என்று அவரே எல்லோர் முன்னாலும் சொன்னார். பெரிய மனசு.

கம்பிகளை மாற்றி மறுபடி ஆட்டினோம். தானாக அடங்க நாலு நிமிடம் எடுத்த கை, ஒன்பதே நொடியில் அசையாமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கையுறையைக் கழற்ற மறந்ததால் சத்தமே வரவில்லை!

ஏவுதளத்துக்குப் போய்க் கடைசிச் சரிபார்ப்பைச் செய்ய என்னைத்தான் கேட்டார்கள். அடுத்த மாதம் மூன்று வாரம். உங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். கோபமா?

உங்கள் விடுப்பும் அந்த மாதம்தான். பத்து வருடமாக நான்தான் உங்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வருகிறேன். இந்தத் தடவை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை வழியனுப்ப நீங்கள் வந்து நிற்க வேண்டும்.

வருவீர்கள்தானே?

உங்கள்,
வீட்டுக்காரி