உங்கள் வீட்டில் தூங்காத ஸ்பீக்கர்

அன்பு ஸ்டீபன் மாமா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொய் எழுதவில்லை. உங்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். எனக்குத்தான் போன மாதம் வரை தெரியாது. தெரிந்த அன்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது, பக்கத்து சீட்டுக்காரர் "என்னா சார், நல்ல சேதியா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் மலர்ந்திருந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் என் அக்கா செலினின் கணவர். பகலில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க உத்தியோகம். மாலையில் வீட்டு முன்னறையில் இன்னொரு உத்தியோகம்: ஒரு மாதப் பத்திரிகைக்கு ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாம் கேட்டுப் பார்த்து விமர்சனம் எழுதுவது. கம்பெனிகள் பெட்டியில் அனுப்பும். கேட்டு எழுதிவிட்டு, அதே பெட்டியில் திருப்பி அனுப்புவீர்கள். ஒரு ஸ்பீக்கரின் பேஸ் சத்தத்தைப் பக்கத்து வீட்டு கிரைண்டர் என்று எழுதி, அந்தக் கம்பெனி பிறகு உங்களுக்குப் பெட்டியே அனுப்பாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் நீங்கள்.

என் மனைவி வசந்தியின் தொண்டையில் முடிச்சு இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே உங்களுக்குத்தான் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். மேல வீதியை ஒட்டிய எங்கள் சந்தில் அவள் ஜதி சொல்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். இனிமேல் கத்தினால் உள்ள குரலும் போய்விடும் என்றார் டாக்டர். ஜதிகளை மெல்லிய குரலில் போனில் பதிவு செய்து, ஸ்பீக்கரில் பெரிதாகப் போட்டு வகுப்பை நடத்தலாம் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். எந்த ஸ்பீக்கர் என்பதுதான் கேள்வி.

"மச்சான், பெரிய பொட்டிலாம் வேணாம். இந்த மாசம் எழுதியிருக்கேன் பாரு, அத கண்ண மூடிக்கினு வாங்கு. கைக்கு அடக்கமா இருக்கும், வெலதான் ஜாஸ்தி. வார்த்த ஒண்ணொண்ணும் மணிமணியா வுழும். வசந்தி கொரலுக்கு நான் கேரண்டி."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அந்த வாரமே உங்கள் நெஞ்சு காலை வாரிவிட்டது. உங்கள் அடக்கமெல்லாம் முடிந்து ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம் அந்த ஸ்பீக்கரை வாங்கியதுதான். வேறு ஒரு விமர்சனமும் படிக்கவில்லை. மாமா கேரண்டி கொடுத்தாரே, அதற்கு மேல் என்ன?

முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வசந்தி போனைத் தட்டினாள். "தா தெய் தெய் தா" என்று வர வேண்டிய இடத்தில் "தெய் தெய் தா" என்று வந்தது. முதல் "தா" இல்லை. பாதிப் பிள்ளைகள் பழக்கத்தில் காலைத் தட்டின, மீதி திருதிருவென்று விழித்தன. மறுபடி போட்டால் சரியாக வந்தது. அப்பாடா என்று நினைத்தோம். ஒரு பெண்ணுக்கு முத்திரையைத் திருத்திவிட்டு வந்து அடுத்த ஜதியைப் போட்டாள், மறுபடி தலை காணோம்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால் அது தூங்கிவிடுமாம். சத்தம் வந்ததும் விழித்துக்கொள்ளுமாம். விழிக்கிற நேரத்தில் வருகிற சத்தத்தை விழுங்கிவிடுமாம். "கரண்ட் மிச்சம் சார், அத மாத்த முடியாது" என்றார் போனை எடுத்த பையன், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி. பாட்டுக் கேட்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆடுகிறவளுக்கு முதல் தட்டு போனால் எல்லாம் போச்சு.

ஆக, வசந்தி மறுபடி கத்த ஆரம்பித்தாள். முதல் "தா"வை அவள் வாயால் சொல்ல, மீதியை ஸ்பீக்கர் சொல்ல, இரண்டும் ஒட்டாமல் போக, கடைசியில் முழு ஜதியையும் அவளே சொல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவள் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வரும். சைகையில் குழம்பு கேட்பாள்.

பயத்தில் இண்டர்நெட்டில் உட்கார்ந்தேன். பெரிய பெரிய வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கையளவு ஸ்பீக்கருக்கு நட்சத்திரங்களை வாரிக் கொட்டியிருந்தன. கண்முன் கச்சேரி மேடையே விரிகிறது என்றார் ஒருவர். வயலினின் வில்லில் உள்ள பிசுபிசுப்பு கேட்கிறது என்றார் இன்னொருவர். பிசுபிசுப்பு கேட்கிறவருக்கு ஒரு "தா" காணாமல் போனது கேட்கவில்லையா? பெட்டி அனுப்புகிற கம்பெனி, அதே பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்கிற கம்பெனி. எல்லாரும் ஒரே குரலில் பாடினால் வேறு என்னதான் நினைப்பது?

வசந்தி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பேசக் கூடாத நாட்களில் அவள் எழுதித்தான் சண்டை போடுவாள். "உங்க மாமாவும் எதையாவது வாங்கிக்கிட்டுத்தானே எழுதியிருப்பாரு?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. உங்கள் அடக்கத்தன்று தண்ணீர் எடுக்கப் போனபோது, சமையலறை ஃபிரிட்ஜ் மேல் அதே ஸ்பீக்கரைப் பார்த்திருந்தேன். எழுதி முடித்ததும் திருப்பி அனுப்புகிற மனிதர் வீட்டில் அது ஏன் உட்கார்ந்திருக்கிறது? ஒரு மாதம் வைத்துக் கேட்டவருக்கு அது தூங்குவது எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தும் எழுதவில்லையென்றால்? எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் ஆதரவுக்கு ஆள் இல்லாதபோது முன்னால் நின்று பேசியவர் நீங்கள். உங்கள் வார்த்தையை நம்பித்தான் வசந்தியின் அப்பா தலையசைத்தார். அந்த வார்த்தையில் ஓட்டை என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

போன மாதம், உங்கள் முதலாண்டுத் திருப்பலிக்குப் பங்குச் சாமியாரைப் பார்த்துச் சொல்லிவைக்க வேண்டும் என்று அக்கா கூப்பிட்டாள். கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் மழைச் சத்தம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே தூறல். அந்த ஸ்பீக்கர்தான். அடக்கத்தன்று அழுகைச் சத்தத்தில் இது என் காதில் விழவே இல்லை.

"என்னாக்கா இது?"

"அதுவா? மாமா போட்டுவுட்டது. எப்பவும் ஓடிக்கினே இருக்கும். அவுங்க போனப்புறம் நிறுத்த மனசு வல்ல."

புயலும் வெள்ளமும் பார்த்த கடலூரில் ஒருத்தர் மழைச் சத்தத்தைப் பெட்டியில் போட்டுக் கேட்டாரா என்று சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்குக் காதுல இரைச்சல்டா, ஜெரோமு. ஙொய்னு ஒரு சத்தம், நிக்கவே நிக்காது. கடைசி ரெண்டு மூணு வருசம். வூடு அமைதியா இருந்தா ஜாஸ்தியாயிடும். அதுக்குத்தான் மழை. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. காது சரியில்லன்னு தெரிஞ்சா எவன் எழுதச் சொல்லுவான்?"

நான் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அப்புறம் அந்த அல்பக் கேள்வியை, ஒரு வருடமாக வயிற்றில் வைத்திருந்த கேள்வியை, கேட்டே விட்டேன். "இது கம்பெனி குடுத்ததாக்கா?"

அக்கா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! "கம்பெனி அனுப்புனது சாம்பல் கலரு. நான்தான் பொட்டில கட்டி அனுப்பிச்சேன். இது அவரே வாங்குனது. எனக்குப் புடிச்ச கலர கேட்டுதான் வாங்குனாரு. சின்ன சத்தத்துலயும் கரகரன்னு இல்லாம இருக்கறது இது ஒண்ணுதான்னு சொல்லுவாரு. என்னாடா நெனச்ச உங்க மாமாவ?"

ஃபிரிட்ஜ் மேல் இருந்தது அரக்கு நிறம், மாமா. உங்கள் அடக்கத்தன்று என் கண்ணுக்கு அது கூடத் தெரியவில்லை. பத்திரிகையில் உங்கள் மேசை மேல் அந்த ஸ்பீக்கர் இருக்கிற படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்திருக்கிறேன், அது சாம்பல்தான். தன் வீட்டுக் காசைப் போட்டு, தன் காதுக்கு மருந்தாக வாங்கி வைத்திருந்த மனிதரைத்தான் நான் ஒரு வருடமாகக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "அக்கா, கொஞ்ச நேரம் இந்த மழைய நிறுத்தலாமா?"

அவள் யோசித்தாள். பிறகு தானே எழுந்து போய் நிறுத்தினாள்.

உங்கள் வீடு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் வந்து நிற்பது கேட்டது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைப்பது கேட்டது. நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரின் விளக்கு மெல்ல அணைந்தது. வசந்தியின் பதிவை என் போனிலிருந்து போட்டேன்.

"தெய் தெய் தா."

"மொத எழுத்த முழுங்கிடுச்சே!" என்றாள் அக்கா. "இத்தினி நாள் இப்பிடி பண்ணதே இல்லியே!"

பண்ணியிருக்காது. உங்கள் வீட்டில் அது ஒரு நாளும் தூங்கியதில்லை. விமர்சனத்துக்கு வந்த சாம்பல் பெட்டியும் அப்படித்தான், வந்த நிமிடத்திலிருந்து மழையோ பாட்டோ ஓடிக்கொண்டே இருந்ததாம். அந்தக் குறை உங்கள் கண்ணில் படவே வழியில்லை. நீங்கள் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ரசம் ஊற்றினாள்.

இரைச்சல் இருக்கிற காதோடு எழுதலாமா என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சன்னமான சத்தங்களுக்கு அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து "குத்துதா, கொழையுதா?" என்று கேட்டுத்தான் எழுதுவீர்களாம். அப்படியென்றால் கட்டுரைக்குக் கீழே அவள் பெயரும் அல்லவா வந்திருக்க வேண்டும்? படிக்கிறவர்களிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாமே மாமா. சொல்லியிருந்தால் நாங்கள் உங்களை இன்னும் கூடத்தான் நம்பியிருப்போம். இதையெல்லாம் எழுதட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். "எழுதுடா, இனிமே அவரு காத யாரு சோதிக்கப் போறாங்க" என்றாள்.

சிதம்பரம் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வசந்தி கேட்டுவிட்டு, சன்னக் குரலில், "அந்த வெளிநாட்டுக்காரங்க கூடப் பொய் சொல்லலிங்க. அவுங்க யாரும் ஆடிப் பாக்கல, அவ்ளோதான்" என்றாள். ஒரு வருடமாக நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அவள் ஒரே எட்டில் போய்விட்டாள். விமர்சனம் என்பது ஒருவர் வீட்டில், அவர் காதில் நடந்தது. அது நம் வீட்டிலும் நடக்குமா என்று கேட்டுக்கொள்வது நம் பாடு.

உங்கள் மழையை அக்காவிடமிருந்து வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொரு ஜதிக்கும் முன்னால் கொஞ்சம் மழையை ஒட்டினோம். நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் நேரத்திலும் மழை ஓடும். ஸ்பீக்கருக்குத் தூங்க நேரமே இல்லை. வசந்தியும் கத்தவில்லை. போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, முடிச்சு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டியதில்லை என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உங்களுக்கு நன்றி சொன்னேன்.

விஜயதசமியன்று மாடி ஹாலில் பிள்ளைகள் ஆடின. பெற்றோர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் கடலூரிலிருந்து வந்திருந்தாள். வசந்தி போனைத் தட்டியதும் மழை ஆரம்பித்தது. பின்வரிசையில் ஒரு அம்மா, "ஐயையோ, வூட்டு மொட்டமாடில துணி காயுது!" என்று எழுந்து ஓடினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் விழுந்தது, முழுசாக, வசந்தியின் குரலில், முதல் "தா". எல்லாக் கால்களும் ஒன்றாகத் தட்டின, தரை அதிர்ந்தது. நீங்கள் சொன்னபடியே, மணிமணியாக.

வரும் வாரம் உங்கள் திருப்பலி. அது முடிந்து வீட்டில் செபம் சொல்லும்போது மழையை நிறுத்திவிடப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். "அவருக்கு இனிமே எதுக்குடா" என்றாள். அங்கே இரைச்சல் நின்றுவிட்டதுதானே மாமா? அமைதி என்றால் எப்படி இருக்கும் என்று இப்போதாவது கேட்கிறீர்கள்தானே?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் பத்திரிகைக்கு எழுதி, அந்த விமர்சனத்தில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வேன்: அமைதியான வீடென்றால் இது தூங்கிவிடும், முதல் வார்த்தையை விழுங்கும். கீழே உங்கள் பெயரோடு அக்கா பெயரையும் போடச் சொல்வேன். மற்றபடி நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற விடமாட்டேன்.

உங்கள் கேரண்டியை இனி ஒருநாளும் சந்தேகப்படாத மச்சான்,
ஜெரோம்